படகின் வயசைக் கேட்காதீர்கள், தட்டிப் பாருங்கள்!

"படகா? எங்கே ஓட்டப் போறீங்க தம்பி, பாலாத்துலயா?"

வேலூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ். கேட்டவர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்த சார். பக்கத்து சீட்காரர் சிரித்தார். பைக்குக்குப் பாலிசி புதுப்பிக்க வந்திருந்தவர் சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன், நானும்தான் சிரித்தேன். சிரிக்காதவன் ஒருத்தன்தான். என்னோடு வந்த என் வகுப்புத் தோழன். ஊர் நாகப்பட்டினம். வகுப்பில் எல்லோருக்கும் அவன் 'நாகைக்காரன்'தான், எனவே இங்கும் அப்படியே இருக்கட்டும்.

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதை நாங்கள் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தோம். மற்ற வருஷங்களில் பெரும்பாலும் அது ஆறு இல்லை, கிரிக்கெட் கிரவுண்ட். எங்கள் பக்கம் படகு பார்க்க வேண்டுமானால் ஏலகிரி ஏறி புங்கனூர் ஏரிக்குத்தான் போக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றால் தோல், ஷூ, பிரியாணி. இந்த ஊரில் வந்து படகுக்கு இன்சூரன்ஸ் கேட்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

ஆனால் நாகைக்காரன் விளையாட்டுக்கு வரவில்லை. அவன் அப்பாவின் விசைப்படகுக்கு ஊரில் யாரும் பாலிசி தரவில்லை. "நீ பீகாம் படிக்கிற, அங்க பெரிய ஆபீஸ்ல கேட்டுப் பாரு தம்பி" என்று அவர் போனில் சொல்லியிருக்கிறார். சிரித்து முடித்த சார் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொல்லி விவரம் கேட்டார். எல்லாம் சரியாகப் போனது. "போட்டுக்கு வயசு என்ன?" என்று கேட்கும் வரைக்கும்.

"இருபத்திரண்டு சார். மரப் படகு."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "பதினஞ்சுக்கு மேல போன மரப் படகை மேல அனுப்பினாலும் திரும்பி வந்துடும் தம்பி. புதுசு வாங்கினா வாங்க, உடனே போட்டுத் தர்றேன்."

புதுசு வாங்க வக்கு இருந்தால் அவன் அப்பா ஏன் பழசுக்கு இன்சூரன்ஸ் தேடப் போகிறார்? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

அந்தப் படகின் கதை

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் அடி வாங்கியது நாகை மாவட்டம். நாகைக்காரன் குடும்பத்தில் உயிர்கள் தப்பின, தொழில் போனது. சில வருஷம் கழித்து அவன் அப்பாவும் மாமாவும் சேர்ந்து, இருந்த நகையை எல்லாம் வைத்து, இந்தப் படகைப் பழையதாக வாங்கினார்கள். அன்றைக்கே அது புதுசு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது கட்டியிருந்த இடத்திலேயே பக்கத்துப் படகோடு மோதி பக்கவாட்டுப் பலகைகள் நொறுங்கின. மறுபடி கடன். பலகை மாற்றி, கலப்பத்து அடித்து, எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து, ஐந்து மாதம் கழித்துத்தான் மறுபடி கடலில் இறங்கியது.

எங்கள் தாத்தா ஒரு ஜோக் சொல்வார். "இது எங்க அப்பா காலத்து அரிவாள்டா. ரெண்டு தடவை பிடியை மாத்தினேன், மூணு தடவை இரும்பை மாத்தினேன், மத்தபடி அதே அரிவாள்தான்." அந்தப் படகும் அப்படித்தான். பலகையில் பாதிக்கு மேல் 2019-க்கு அப்புறம் போட்டது. எஞ்சினும் முதலில் இருந்தது கிடையாது. ஏரா மரம், அதாவது அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் மரம், அது மட்டும் பழசு. அதைப் பார்த்த மேஸ்திரி "இன்னும் பத்து வருஷம் கேள்வி இல்லை" என்றாராம். இப்போது சொல்லுங்கள், இந்தப் படகின் வயசு என்ன? இருபத்திரண்டா, ஆறா?

பாலிசி ஃபார்மில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. கட்டிய வருஷம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கம்பெனிக்காரர்கள் கெட்டவர்களா?

இல்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் வணிகவியல் சார் என்னை வகுப்பில் நிற்க வைத்துவிடுவார் :-)

முதல் நியாயம், பழைய மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று மேலே பார்த்தால் தெரியாது. கடல் தண்ணீரில் மரத்தைத் துளைக்கும் புழு வெளியே சின்ன ஓட்டைதான் விடும், உள்ளே சல்லடையாக்கிவிடும். ஆணி துருப்பிடிப்பதும் அப்படித்தான்.

இரண்டாவது, நேர்மை. படகு ஐந்து லட்சம் பெறும், பாலிசி பதினைந்து லட்சத்துக்கு என்றால், அது மூழ்கினால் யாருக்கு லாபம்? இது கற்பனை இல்லை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதுவே நடந்தது. ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மேல் சரக்கேற்றி, அளவுக்கு மேல் இன்சூரன்ஸும் எடுத்து, மாலுமிகளோடு கடலுக்கு அனுப்பினார்கள். கப்பல் திரும்பினாலும் லாபம், திரும்பாவிட்டாலும் லாபம். அதற்கு 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே பெயர் வந்துவிட்டது. சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. 1873-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதி, நாடாளுமன்றத்தில் கத்தி, கடைசியில் 1876-ல் சட்டம் வந்தது. இன்றைக்கும் கப்பல்களின் பக்கவாட்டில் 'இதற்கு மேல் தண்ணீரில் அமுங்கக் கூடாது' என்று ஒரு வட்டமும் கோடும் போட்டிருப்பார்களே, அது அந்த மனுஷரின் பெயரால் 'பிளிம்சால் கோடு'.

மூன்றாவதுதான் யாரும் வெளியே சொல்லாத நியாயம். செலவு. ஒரு பேச்சுக்கு, படகின் மதிப்பு பத்து லட்சம், பிரீமியம் இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இருபதாயிரம். ஒரு சர்வேயரை ஊரிலிருந்து துறைமுகத்துக்கு வரவழைத்து, படகைக் கரையேற்றி, அடிப்பாகம் வரைக்கும் பார்க்கச் சொன்னால், அந்த இருபதாயிரத்தில் எவ்வளவு மிஞ்சும்? பெரிய கப்பலுக்கு சர்வே செலவு கொசு மாதிரி. சின்னப் படகுக்கு அதுவே யானை. அதனால் கம்பெனி சுலபமான வழியைப் பிடிக்கிறது. பார்க்காமலே வயசைக் கேட்டு முடிவு செய்வது.

அதாவது வயசு வரம்பு என்பது பழைய படகு ஆபத்தானது என்பதற்கான அத்தாட்சி அல்ல. போய்ப் பார்க்கச் செலவாகும் என்பதற்கான குறுக்கு வழி. இந்த வித்தியாசம் முக்கியம்.

220 வருஷத்துச் சண்டை

வயசா, நிலைமையா என்ற சண்டை நாகைக்காரன் அப்பாவோடு ஆரம்பித்தது இல்லை. லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காபிக் கடையில் கப்பல் இன்சூரன்ஸ்காரர்கள் கூடுவார்கள். அங்கே பழகியவர்கள் 1760-ல் ஒரு சங்கம் வைத்து, கப்பல்களின் தரத்தை எழுதிப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார்கள். கப்பலின் உடம்புக்கு ஆங்கில உயிரெழுத்துகளில் மார்க். ஏ என்றால் பிரமாதம், அப்புறம் ஈ, ஐ, ஓ, யூ என்று இறங்கும். 'ஏ ஒன்' என்று நாம் டீக்கடையில் சொல்கிறோமே, அது இந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் கப்பலைப் பார்த்து மார்க் போட்டார்கள். 1790-களின் கடைசியில் முறையை மாற்றி, எந்த ஊரில் கட்டியது, எத்தனை வயசு என்பதை வைத்தே தரம் போட ஆரம்பித்தார்கள். கப்பல் முதலாளிகள் கொதித்துவிட்டார்கள். நன்றாகப் பராமரித்த என் கப்பலுக்கும், கவனிக்காமல் விட்ட அவன் கப்பலுக்கும் ஒரே மார்க்கா என்று 1799-ல் தனியாக ஒரு போட்டிப் புத்தகமே போட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்களின் புத்தகத்துக்குப் 'பச்சைப் புத்தகம்', முதலாளிகளுடையதற்குச் 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர். முப்பத்தைந்து வருஷம் இரண்டும் அடித்துக்கொண்டு இரண்டுமே நஷ்டப்பட்டு, 1834-ல் ஒன்றாகச் சேர்ந்தன. அதற்கப்புறம் சர்வேயர் போய்ப் பார்த்துத் தரம் சொல்வது உலகம் முழுக்க வழக்கமானது.

பெரிய கப்பலுக்கு அன்றைக்கே கிடைத்த நியாயத்தைத்தான் சின்னப் படகுக்குக் கேட்கிறோம்.

எங்கள் ஊரிலேயே உதாரணம் தருகிறேன். ஆம்பூரிலிருந்து ஷூவும் தோலும் கப்பலில் வெளிநாடு போகின்றன. அந்தச் சரக்குக்கு எடுக்கும் பாலிசிகளில் கப்பலின் தரம் பற்றி ஒரு நிபந்தனை வழக்கமாக இருக்கும். 2001-ல் வெளியான அதன் வாசகப்படி மொத்தச் சரக்குக் கப்பல் பத்து வயசைத் தாண்டினாலோ, மற்றக் கப்பல் பதினைந்தைத் தாண்டினாலோ கூடுதல் பிரீமியம். அதிலும், அறிவித்த துறைமுகங்களுக்கு இடையில் ஒழுங்காக ஓடும் கன்டெய்னர் கப்பலுக்கு முப்பது வயசு வரை சலுகை. கவனியுங்கள், கதவைச் சாத்தவில்லை. 'வயசாகிவிட்டது, கொஞ்சம் கூடக் கொடு' என்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய கப்பலுக்கு வயசு என்பது பேரம். மீனவர் படகுக்கு மட்டும் அது சுவர்.

புதுசு என்றால் பத்திரமா?

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் 'ஜலகன்னியகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அந்தப் படகு ஓட ஆரம்பித்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பளபள ஃபைபர் படகு. வயசு கேட்கும் ஃபார்மில் முழு மார்க் வாங்கியிருக்கும்.

2023 மே 7. மலப்புறம் மாவட்டம் தானூரில் இன்னொரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது. அங்கேயும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வயசு இல்லை. யார் மாற்றினார்கள், யார் சோதித்தார்கள், எத்தனை பேரை ஏற்றினார்கள் என்பதுதான்.

இரண்டு விபத்திலும் ஆட்களைக் கொன்றது வடிவமைப்பும், அளவுக்கு மீறிய கூட்டமும், யாரும் ஒழுங்காகப் பார்க்காததும். வயசு ஒரு குறிப்புதான், தீர்ப்பு இல்லை. அறுபது வயசுக்காரர் எல்லோரும் நோயாளி இல்லை, இருபது வயசுக்காரன் எல்லோரும் ஆரோக்கியசாலியும் இல்லை. (எங்கள் ஹாஸ்டல் பையன்களை வந்து பாருங்கள்.)

சட்டம் என்ன சொல்கிறது?

பரீட்சைக்குப் படித்த ஒரு விஷயம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்பட்டது. இந்தியாவில் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963-ல் வந்தது. அதில் இரண்டு பிரிவுகளை நாகைக்காரனோடு உட்கார்ந்து படித்தேன்.

பிரிவு 55. பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, சாதாரணத் தேய்மானம், சாதாரணக் கசிவு, பொருளின் உள்ளேயே இருக்கும் குறை, எலியும் பூச்சியும் செய்யும் சேதம் ஆகியவற்றுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. ஆமாம், எலி! சட்டத்திலேயே எலிக்கு இடம் இருக்கிறது.

பிரிவு 41. வருஷக்கணக்குப் பாலிசியில், படகு கடலுக்கு லாயக்கில்லாத நிலையில் இருப்பது தெரிந்தே உரிமையாளர் அனுப்பி, அந்தக் குறையால் நஷ்டம் வந்தால் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது யோசியுங்கள். மரம் இற்றுப்போய் மூழ்கினால் 55 கம்பெனியைக் காப்பாற்றுகிறது. ஓட்டை என்று தெரிந்தே அனுப்பினால் 41 காப்பாற்றுகிறது. பழசு என்பதால் வரக்கூடிய ஆபத்தில் பெரும்பகுதியைச் சட்டம் ஏற்கெனவே படகுக்காரர் தலையில் வைத்துவிட்டது. மிச்சம் இருப்பது புயல், மோதல், தீ, கரை தட்டுதல். கஜா புயல் புதுப் படகு, பழைய படகு என்று பார்த்தா அடித்தது? இவ்வளவுக்கும் மேல் வயசைக் காரணம் சொல்லிக் கதவைச் சாத்தினால், ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை மாதிரி இல்லையா?

பைக் வைத்திருக்கும் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உங்கள் அப்பாவின் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு இருபது வயசானாலும் ரோட்டில் ஓட்ட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். கட்டாயம் என்று சட்டம் சொல்லிவிட்டதால் அதைக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. ஆறு, ஏரியில் ஓடும் இயந்திரப் படகுக்கும் 2021-ன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் காப்பீடு வேண்டும் என்கிறது. கடலில் போய் நமக்கு மீன் கொண்டுவரும் படகுதான் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது.

மீனவர் உயிருக்குக் காப்பீடு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2020-ல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்தில் இறந்தால் ஐந்து லட்சம், பிரீமியம் முழுக்க அரசே கட்டும். நல்ல திட்டம். ஆனால் நாகைக்காரன் சொன்னான், "மச்சான், அப்பா செத்தா காசு வரும். அப்பா உசுரோட நீந்தி வந்து போட்டு மட்டும் போச்சுன்னா ஒண்ணும் வராது. நான் எதை வேண்டிக்கட்டும்?" பதில் சொல்லத் தெரியாமல் கேன்டீனில் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு

புயல் வந்தால் அரசு நிவாரணம் கொடுக்கிறதே என்பீர்கள். கொடுக்கிறது. ஆனால் நிவாரணம் புயலுக்குப் பெயர் வைத்தால்தான் வரும். பெயர் இல்லாத ஒரு சாதாரண ராத்திரியில், ஒரே ஒரு படகு பாறையில் மோதினால் எந்த அமைச்சரும் வரமாட்டார். ஒரு குடும்பத்துக்கு அதுவும் சுனாமிதான். அதோடு நிவாரணம் என்பது கை நீட்டி வாங்குவது, எவ்வளவு, எப்போது என்று கொடுப்பவர் சொல்வார். காப்பீடு என்பது நான் பணம் கட்டிய ஒப்பந்தம், நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

தோல் ஷாப்பில் கிடைத்த பாடம்

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாகைக்காரனை வீட்டுக்கு அழைத்துப் போனேன். பிரியாணிக்குத்தான். சாப்பிட்டுவிட்டு, அப்பா வேலை செய்யும் தோல் ஷாப்பைக் காட்டக் கூட்டிப்போனார். தோல் ஊறிச் சுழலும் பெரிய மர ட்ரம்கள் இருக்கும், ஆள் உயரத்தைவிட ரெண்டு மடங்கு. நாகைக்காரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது எத்தனை வருஷம்பா பழசு?"

"தெரியாது தம்பி. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துச்சு."

"இன்னும் தாங்குமா?"

அப்பா பக்கத்தில் கிடந்த கட்டையை எடுத்துப் பலகை பலகையாகத் தட்டினார். டங், டங், டங். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் சப்பென்று வந்தது. "இந்த ஒண்ணை மாத்தணும். மத்தது கல்லு மாதிரி. மரம் தண்ணியிலயே இருந்தா கெடாது தம்பி. ஷாப்பை மூடி ட்ரம்மைக் காயப் போட்டாத்தான் வெடிச்சுப் போயிடும்."

நாகைக்காரன் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊர் படகு மேஸ்திரியும் இப்படித்தான்பா சுத்தியலால தட்டிப் பார்ப்பாரு!"

கடலிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் மரத்தைப் பற்றி அதே அறிவு. இங்கே பழைய ட்ரம், பழைய மெஷின் கைமாறும்போது வருஷம் கேட்பார்கள், ஆனால் வருஷத்தோடு நிற்க மாட்டார்கள். தட்டிப் பார்ப்பார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள். தோலைத் தரம் பிரிப்பவர் தடவிப் பார்த்து 'இது முதல் தரம், இது மூன்றாம் தரம்' என்று விலை சொல்வார். பார்க்காமல் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அப்படியானால் யார் தட்டிப் பார்ப்பது?

இதுதான் என் யோசனை. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில்தான் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். அதே நேரத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் துறைமுகம் துறைமுகமாக வந்து விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்வது வருஷா வருஷம் நடக்கிறது. பதிவுச் சான்று, நீளம், எஞ்சின் திறன், உயிர்காப்பு சாதனம் எல்லாம் பார்ப்பார்கள். ஆய்வுக்கு வராத படகுக்கு மானிய டீசல் சிக்கலாகிவிடும் என்பதால் எல்லோரும் வருவார்கள்.

ஆக, படகு கரையில் இருக்கிறது. அதிகாரி அங்கே வருகிறார். அடிப்பாகம் கண்ணுக்குத் தெரிகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லும் அதே காட்சி வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக நடக்கிறது! அதோடு ஒரு உரிமம் பெற்ற சர்வேயரையும் ஒரு அனுபவமுள்ள படகு மேஸ்திரியையும் சேர்த்துவிட்டால் என்ன? ஒரே நாளில் ஐம்பது படகைத் தட்டிப் பார்க்கலாம். ஒரு படகுக்கு ஆகும் செலவு ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். நல்லது, மராமத்து தேவை, லாயக்கில்லை என்று மூன்று தரம். முதல் தரத்துக்கு வயசு என்னவானாலும் பாலிசி. இரண்டாம் தரத்துக்கு வேலையை முடித்துவிட்டு வந்தால் பாலிசி. மூன்றாம் தரத்துக்குக் கிடையாது. கடலுக்கே போகக் கூடாது. பிளிம்சால் கேட்டதும் அதைத்தானே.

கனவு என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் மீன்பிடிப் படகுக் காப்பீட்டுக்கென்றே 1937-ல் சட்டம் போட்டார்கள், 1952-ல் அதை விரிவாக்கினார்கள். படகுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்கள் காப்பீடு செய்யும், பெரிய அடி விழுந்தால் தாங்க அரசு பின்னால் நிற்கும். யார் படகு நல்ல படகு, யார் படகு ஓட்டை என்று ஊர்ச் சங்கத்துக்குத் தெரியாதா என்ன? ஏமாற்றினால் பக்கத்து வீட்டுக்காரன் பணம்தான் போகும், அதனால் ஏமாற்றுவதும் கஷ்டம். நம் கடற்கரையில் ஊர்ப் பஞ்சாயத்தும் கூட்டுறவுச் சங்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. இன்சூரன்ஸ்தான் இல்லை.

அதுவரைக்கும்?

சர்க்கார் செய்யும்வரை நாகைக்காரன் அப்பா காத்திருக்க முடியாது. நாங்கள் சார்களிடமும் சீனியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

எல்லா பில்லையும் சேர்த்து வையுங்கள். பலகை, ஆணி, எஞ்சின் வேலை, மேஸ்திரி கூலி எல்லாவற்றுக்கும். 2019 மராமத்துக்கு அவர்களிடம் இருந்தது கைப்பட எழுதிய ஒரு நோட்டு மட்டும்தான். இனிமேல் ஒவ்வொரு தடைக்காலத்திலும் படகு கரையேறியதும் அடிப்பாகத்தை செல்போனில் போட்டோ எடுத்து வைப்பது என்று முடிவு.

முழுப் பாலிசி கிடைக்காவிட்டால் முழு நஷ்டத்துக்கு மட்டும் என்று கேளுங்கள். படகு மொத்தமாகப் போனால்தான் பணம், சின்ன சேதத்துக்குக் கிடையாது. பிரீமியம் குறையும், கம்பெனிக்கும் பயம் குறையும்.

படகின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். மோசடி இல்லாவிட்டால் அந்தத் தொகையைப் பிறகு 'பழசு, இவ்வளவு பெறாது' என்று குறைக்க முடியாது. பழைய படகுக்கு இதுதான் உயிர்.

தடைக்காலத்தில் படகு கட்டித்தான் கிடக்கிறது, அந்த நாட்களுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். கப்பல் பாலிசிகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு.

கடைசியாக, பொய் சொல்லாதீர்கள். 'பத்து வருஷம்னு எழுதிடலாம் தம்பி' என்று ஒரு புரோக்கர் எங்களிடமே சொன்னார். கடல் காப்பீட்டுக்கு அஸ்திவாரமே முழு நம்பிக்கை என்கிறது சட்டம். ஒரு பொய் போதும், மூழ்கிய அன்றைக்குப் பாலிசியும் சேர்ந்து மூழ்கிவிடும். அவன் அப்பா அதைக் கேட்டதும் சொன்ன பதில், "வேணாம் தம்பி. போட்டு என்ன திருட்டுப் பொருளா, வயசை மறைக்க?"

இப்போதைய நிலவரம்: வேறொரு ஆபீஸில் ஒருவர், சர்வேயர் அறிக்கை கொண்டுவந்தால் முழு நஷ்டத்துக்கு மட்டும் மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சர்வேயர் கட்டணம் எங்கள் கையில். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது அவரை அழைத்துப் போவதாகத் திட்டம். பாலிசி கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் முதல்முறையாக ஒருவர் வந்து தட்டிப் பார்க்கப் போகிறார்.

நான் நாகப்பட்டினம் போனதே இல்லை. இந்தத் தடவை போகிறேன். சுத்தியலைத் தூக்கிக்கொண்டு சர்வேயர் பின்னாடி நடக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? எங்கள் அப்பா அவருடைய தட்டுக் கட்டையையும் கொடுத்தனுப்புவதாகச் சொல்கிறார் :-)

உங்கள் குடும்பத்தில் யாராவது பழைய படகுக்கு இன்சூரன்ஸ் வாங்கியிருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள். கிண்டல் செய்பவர்களும் வரலாம். ஆனால் பாலாறு ஜோக் மட்டும் வேண்டாம், அது எங்களுக்குப் பழகிவிட்டது.